எடைமேடை புரோகிராமும் குடியாத்தம் லோடும்

காட்பாடி பக்கம் ஓர் ஆலை. அங்கே எடைமேடை புரோகிராம் அவ்வப்போது செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை) அடித்துப் படுத்துவிடும். ஆம்பூர், ஆரணி லோடெல்லாம் சரியாகப் போகும். சில லாரிகளுக்கு மட்டும் சீட்டு வராது. எந்த லாரி என்று கேட்டால், "அது எப்பவாவதுதான் சார்" என்பார்கள்.

முதலில் போனது வீண் அலைச்சல். கிராஷ் ஆகியும் கோர் ஃபைல் (விழுந்த நொடியின் மெமரிப் பிரதி) இல்லை; அதன் அளவுக்கான வரம்பு, யூலிமிட், 0. டெர்மினலில் அன்லிமிடெட் போட்டும் பிரயோஜனமில்லை. புரோகிராம் சிஸ்டம்டி சர்வீஸாக (லினக்ஸ் பின்னணியில் ஓட்டுவது) ஓடினால் அந்த வரம்பை, லிமிட்கோர் என்று, அந்த சர்வீஸ் ஃபைலில்தான் வைக்க வேண்டும். அதற்கு ரூட் பாஸ்வேர்டு வேண்டும். அதை வைத்திருந்தவர் போனையே எடுக்கவில்லை. சரி, ஓடும் புரோகிராமிலேயே ஜிடிபியை (பிழை தேடும் கருவி) மாட்டலாமென்றால் "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்". உபுண்டுவில் இந்த அனுமதியைக் கட்டுப்படுத்தும் பிட்ரேஸ் ஸ்கோப் வழக்கமாக 1. ரூட் இல்லாமல், ஜிடிபி தானே கிளப்பாத புராசஸைத் தொட விடாது. அனுமதி இருந்தாலும் லோடு நேரத்தில் மாட்டாதீர்கள். மாட்டிய நொடியே புரோகிராம் நின்றுவிடும், மேடையில் ஏறிய லாரி இறங்காது. அதற்குப் பதில் ஜிகோர் கட்டளை போட்டால் கோரை எழுதிவிட்டு உடனே விட்டுவிடும்.

அப்புறம் பாஸ்வேர்டு கிடைத்தது, கோரும் கிடைத்தது. நல்லவேளை, அதே பில்டின் மைனஸ் ஜி பிரதி (பிழை தேட வேண்டிய விவரங்களோடு கம்பைல் செய்தது) ஆபீஸில் இருந்தது. பேக்டிரேஸ் (விழுந்த இடம்வரை வந்த ஃபங்ஷன் வரிசை) காட்டிய பாயின்டர், அதாவது மெமரி முகவரி, 008டி என்று முடிந்தது. மெமரியில் அதற்கு முந்தைய 32 பைட் ஊர்ப்பெயருக்கான இடம். அதை எழுத்தாகக் காட்டும் ஜிடிபி கட்டளை எக்ஸ்/எஸ் போட்டால் \340\256\225 என்று ஆக்டலாகக் கொட்டியது. பைட் பைட்டாக ஹெக்ஸில் காட்டும் எக்ஸ்/40எக்ஸ்பி போட்டேன்: ஈ0 ஏஇ 95. அட, 'க'!

குடியாத்தம். உகர, இகரக் குறிகள், கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு, மொத்தம் 11. யூடிஎஃப்-8இல் (யூனிகோடை பைட்டாக எழுதும் முறை) தலா 3 பைட், ஆக 33. பெயர் முடிந்ததைக் காட்டும் பூஜ்யத்தோடு 34. 'ம்' மேல் இருக்கும் புள்ளியின் கடைசி பைட்டான 8டியும் அந்தப் பூஜ்யமும் வழிந்து பக்கத்துப் பாயின்டரில் போய் உட்கார்ந்துவிட்டன. லிட்டில் எண்டியன் (சிறிய மதிப்புள்ள பைட் முதலில்) என்பதால் முகவரியின் வாலில் தெரிகிறது. ஆம்பூர் 21 பைட், தப்பித்தது. வாலாஜாபேட்டை 36, இன்னும் மோசம்.

இடத்தை 128 ஆக்கி, நீளம் பார்க்காமல் எழுதும் ஸ்ட்ரிங்காப்பியை, அளவோடு நிறுத்தும் எஸ்என்பிரின்ட்எஃப் ஆக்கினேன். அது நீளமானதை எழுத்தின் நடுவிலேயே வெட்டும், கவனம்.

மேனேஜர் சீட்டைப் பார்த்துவிட்டு, "முதல்லயே சொல்லியிருந்தா குடியாத்தத்தைச் சுருக்கி ஜிடிஎம்னு போட்டிருப்போமே" என்றார். பில் இன்னும் பாஸாகவில்லை.