பால் பன்யன் வினா: சென்ற முறை தவறியதும் இம்முறை தேறியதும்

நேற்று முடிவு வெளியானது. அமெரிக்க நாட்டார் வழக்காறு தாளில் தேறிவிட்டேன். சென்ற முறை என்னைத் தோற்கடித்தது, அமெரிக்க மரவெட்டிகளின் கதைகளில் வரும் பூத உருவ மரவெட்டி பால் பன்யன் உண்மையான வழக்காறுதானா என்பது பற்றிய 15 மதிப்பெண் வினா என்பதால், அடுத்து எழுதுவோருக்காக அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

சென்ற முறை நான் கதைகளை அடுக்கினேன். பன்யனின் நீல எருது பேபின் இரு கண்களுக்கிடையே 42 கோடரிக் காம்பு நீளம் இருந்ததையும், பெரிய தோசைக்கல்லில் கொழுப்புத் தடவ ஆட்கள் பன்றி இறைச்சித் துண்டுகளைக் காலில் கட்டிக்கொண்டு சறுக்கியதையும், பன்யனுடைய காலடித் தடங்களே மினசோட்டா மாநிலத்தின் ஏரிகளானதையும் மூன்று பக்கம் எழுதிவிட்டு, "இவை தொன்மையான வாய்மொழி மரபு" என்று முடித்தேன். கிடைத்தது 4 மதிப்பெண். விடைத்தாள் நகலில் அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் "யார் சொன்னது? எப்போது?" என்று எழுதியிருந்தது.

அந்த இரண்டு கேள்விகளே இந்த வினாவுக்கான திறவுகோல். எந்தக் கதையை எழுதினாலும், அது மரவெட்டிகளின் முகாமில் பிறந்ததா, அச்சகத்தில் பிறந்ததா என்று பிரித்துக் காட்டுங்கள். கட்டாயம் நினைவில் இருக்க வேண்டியவை:

- 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி: அமெரிக்காவின் பேரேரிப் பகுதி (கிரேட் லேக்ஸ்) மரவெட்டி முகாம்களின் வாய்மொழி.
- 1906: மிச்சிகன் செய்தித்தாளில் ஜேம்ஸ் மக்கில்லிவ்ரே எழுதிய பன்யன் கதை.
- 1914: ரெட் ரிவர் மர நிறுவனத்துக்காக விளம்பர எழுத்தாளர் லாஹெட் தயாரித்த விளம்பரச் சிறுநூல்.
- 1916: ஆய்வாளர்கள் ஸ்டூவர்ட்டும் வாட்டும் விஸ்கான்சினிலிருந்து வெளியிட்ட முகாம் கதைகளின் தொகுப்பு.
- 1950: நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் டார்சன் முன்வைத்த "போலி வழக்காறு" (எழுத்தாளர்கள் புனைந்து, மக்கள் மரபு என்று காட்டும் கதைகள்) என்னும் கருத்தாக்கம்.

இவற்றில் 1914இல்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பன்யனின் உருவம் வானளாவ வளர்ந்ததும், துணைப்பாத்திரங்கள் பலவும் பெயர் பெற்றதும் பெரும்பாலும் மரம் விற்பதற்காக அச்சான அந்த நிறுவனத்தின் சிறுநூல்கள் வழியாகத்தான். ஆனால் டார்சனைப் படித்த வேகத்தில் பன்யன் முழுவதும் பொய் என்று எழுதிவிடாதீர்கள்; குளிர்கால இரவுகளில் முகாம் ஆட்கள் அவனைப் பற்றிப் பேசியது உண்மை, அதற்கு 1916 தொகுப்பே சான்று.

நான் விடையை மினசோட்டாவின் பெமிட்ஜி நகரத்தைச் சொல்லி முடித்தேன். 1937இல் அங்கே எழுப்பப்பட்ட 18 அடிப் பன்யன் சிலையைக் காட்டி, அச்சில் பெருத்த ஒருவனை ஓர் ஊர் தனதாக்கிக்கொண்டால் அதுவும் வழக்காறுதானா என்று கேட்டு, ஆம் என்று வாதிட்டேன். அந்தப் பத்திக்கு 10 நிமிடம் ஒதுக்கி வையுங்கள். சென்ற முறை எனக்கு அது மிஞ்சவில்லை.