வாசலுக்கு உருண்ட கோலி

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஊற்றும் தண்ணீர் இப்போது ஜாலிக்கு, அதாவது தண்ணீர் வடியும் சல்லடை மூடிக்கு, போவதில்லை. கூடத்துக்கு வருகிறது. இதற்கு 48,000 ரூபாய் செலவழித்திருக்கிறேன்.

பழைய மொசைக் தரையில் அம்மா ஒருமுறை வழுக்கி விழப் பார்த்தாள். சரி, சொரசொரப்பான டைல்ஸ் போட்டுவிடலாம் என்று தெரிந்தவர் மூலமாக ஒரு மேஸ்திரியைப் பிடித்தேன். ஏழுக்கு ஐந்தடி அறை, ஓரடி டைல்ஸ் 35. நாலு நாள் வேலை என்றார். பதினேழு நாள் ஆனது. அதில் ஆறு நாள் போனையே எடுக்கவில்லை. ஏழாம் நாள் எடுத்து, "காட்பாடி சைட்ல கீறேன் சார், நாளைக்கு ஆள் வந்துடும்" என்றார். எந்த நாளைக்கு என்று நான்தான் கேட்காமல் விட்டுவிட்டேன்.

பழைய தரையை உடைக்க வேண்டாம், மேலேயே ஒட்டினால் கூலி மிச்சம் என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தரை ஒன்றரை இஞ்ச் ஏறியது. கதவு இடித்தது, அடியில் அறுத்தார். ஜாலியையும் தூக்கி வைத்தார், ஆனால் வாட்டம் பார்க்கவில்லை. எண்பதுக்கு ஒன்று என்று வைத்தால்கூட எங்கள் ஏழடிக்கு ஓர் இஞ்ச் சரிவு வேண்டும். சரிவு இருக்கத்தான் செய்தது, எதிர்ப்பக்கமாக.

அதைக் கண்டுபிடித்தது அம்மா. என் பையனின் கோலியை எடுத்துவந்து ஜாலி ஓரமாக வைத்தாள். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு மெதுவாக நகர்ந்து, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு குலுக்கு குலுக்கிக்கொண்டு, நிலைப்படியில் போய் முட்டி நின்றது.

"இன்னாம்மா, கோலிய வச்சா பாப்பாங்க? நாலு நாள் புழங்குனா செட் ஆயிடும்."

"தரை என்ன புதுச் செருப்பா, புழங்கப் புழங்க செட் ஆக?"

மேஸ்திரி சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார். பாக்கிப் பணத்தை, மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும் என்று முந்தின வாரமே வாங்கிக்கொண்டாரே! அந்த முட்டாள்தனம் என்னுடையது.

அப்புறம் அடுக்கம்பாறையிலிருந்து வேறொரு மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். குந்தி உட்கார்ந்து வண்டிச் சாவியால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டினார். டக், டக், டொப். 35இல் 19 டொப். நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வொரு உருண்டை கலவை வைத்து அமுக்கிவிட்டிருக்கிறார்கள், மீதியெல்லாம் வெறும் காற்று. வாளியைக் கொஞ்சம் வேகமாக வைத்தால் விரிசல் விடும். "மொத்தமா பேத்துத்தான் சார் போடணும்" என்றார். வெளியே சன்ஷேடு பூச்சையும் பார்த்தார். கத்திரி வெயிலில் பூசி, ரெண்டு நாள் தண்ணி விட்டாப் போதும் என்று பழையவர் சொன்னதைச் சொன்னேன். வேலூர் மே மாதத்தில் ஒரு வாரம் விட்டாலே பற்றாது. பதில் சொல்லாமல் நகத்தால் சுரண்டிக் காட்டினார், மாவாக உதிர்ந்தது.

பரணில் சாமான் ஒதுக்கும்போது பழைய மேஸ்திரியின் ரசமட்டம், தரை சமமா சரிவா என்று பார்க்கும் கருவி, கிடைத்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது.

முந்தாநாள் அவரே போன் செய்தார், அதுவும் முதல்முறையாக. "சார், என் ரசமட்டம் அங்க கீதா, கொஞ்சம் பாரு சார்."

கூடத்தில் தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்த அம்மா, "நாளைக்குத் தர்றோம்னு சொல்லு" என்றாள்.