பொகோட்டாவில் கழிந்த அந்த முதல் வாரங்கள்

கொலம்பியாவிலிருந்து தத்தெடுப்பது பற்றி எங்களிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் காகித வேலையைத்தான் கேட்கிறார்கள். அதற்கு ஏஜென்சி இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், எப்படியும் நடந்துவிடும். பிள்ளைகள் கைக்கு வந்த பிறகு ஊர் திரும்பும் வரை, தெரியாத ஊரில் வாடகை வீட்டில் நான்கு பேரும் அடைந்து கிடக்கும் அந்தச் சில வாரங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், டல்லாஸில். அந்த வாரங்கள் கழிந்தது கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில். எங்களிடம் வந்தவர்கள் அக்காவும் தம்பியும், ஏழு வயது, நான்கு வயது. கொலம்பியாவில் தத்தெடுப்பை நடத்துவது ஐசிபிஎஃப் என்ற அரசுக் குழந்தைகள் நல நிறுவனம், 1968இல் தொடங்கியது. வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு அங்கிருந்து வருபவர்களில் பெரும்பாலோர் கொஞ்சம் வளர்ந்தவர்கள், அல்லது பிரிக்காமல் சேர்த்தே அனுப்பப்படும் உடன்பிறந்தவர்கள். அதாவது, பழைய வீடும் பழைய முகங்களும் நன்றாக நினைவிருக்கிற பிள்ளைகள். எங்கள் இருவரும் விடுதியில் இல்லை, ஐசிபிஎஃப் ஏற்பாடு செய்த ஒரு வளர்ப்புத் தாயின் வீட்டில் வளர்ந்தார்கள். சின்னவனுக்கு அம்மா என்றால் அவர்தான்.

முதல் சந்திப்பிலேயே சின்னவன் ஓடிவந்து என் கணவரின் தோளில் ஏறிக்கொண்டான். அறையில் இருந்தவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலில் நின்ற காவலரிடமும் அதே மாதிரி போய் ஒட்டிக்கொண்டான். பெரியவளோ நாங்கள் முன்கூட்டியே அனுப்பியிருந்த போட்டோ ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்தபடி, எங்களைப் பார்க்காமல், அதிலிருந்த எங்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பவர்களுக்கு அவன் சுலபமான பிள்ளை, அவள் கஷ்டமான பிள்ளை என்று தோன்றும். எனக்கு அவள் நடந்துகொண்ட விதம்தான் நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் யாரிடம் வேண்டுமானாலும் போகிற குழந்தைக்குத் தன் ஆள் யார் என்பது இனிமேல்தான் பிடிபட வேண்டும்.

அதனால் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தோம். சாப்பாடு, தண்ணீர், குளியல், விழுந்தால் தூக்குவது எல்லாமே எங்கள் இரண்டு பேர் கையால் மட்டும்தான். வீட்டுக்கார அம்மா தங்கமானவர், தினமும் மிட்டாயோடு வருவார். “எங்களிடம் கொடுங்கள், நாங்கள் கொடுக்கிறோம்” என்று சொன்னபோது சட்டென்று புரிந்துகொண்டார். மதுரையில் இருக்கும் என் அம்மாவுக்குத்தான் வருத்தம், பேரப்பிள்ளைகளை தினமும் வீடியோவில் பார்க்க வேண்டும் என்று ஆசை. “கொஞ்ச நாள் பொறும்மா, முதல்ல எங்க முகம் அவங்களுக்குப் பழகட்டும்” என்று சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டில்தான் நிறைய நடந்தது. அங்கே வீடுகளில் பருப்பும் சோறும் சாதாரணச் சாப்பாடு, அதனால் மிளகாய் போடாமல் நான் வைத்த பருப்புச் சோறு அவர்களுக்குப் புதிதாக இல்லை. காலையில் அரேப்பா என்ற மக்காச்சோள ரொட்டியும் கரும்பு வெல்லம் கரைத்த சூடான பானமும். ஒவ்வொரு வேளையும் பெரியவள் முதலில் ஒரு வாய் ருசி பார்த்து, சரி என்று பட்டால்தான் தம்பியைச் சாப்பிட விடுவாள். அவளைத் தடுக்கவே இல்லை. இத்தனை நாளும் அவனைக் காப்பாற்றி வந்தவள் அவள், நேற்று வந்த நாங்கள் அந்த வேலையைப் பிடுங்கினால் அவளுக்கு என்ன மிச்சம்? அவன் சட்டையை அவளே எடுத்துக் கொடுப்பாள், குளிப்பாட்டுவது நாங்கள். பிறகு ஒவ்வொன்றாக அவளே எங்களிடம் விட்டாள்.

தலையணைக்கு அடியில் ரொட்டி ஒளித்து வைத்திருந்தார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாழைப்பழமும் ரொட்டியும் எந்நேரமும் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு கூடையில் வைத்தோம், ராத்திரியில்கூட அது காலியாகாமல் பார்த்துக்கொண்டோம்.

ராத்திரிகள் கடினம். பொகோட்டா சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இருட்டினால் குளிர் ஏறிவிடும், நான்கு பேரும் ஒரே அறையில்தான் படுத்தோம். விளக்கை மங்கலாக வைத்ததும் பெரியவள் சத்தம் வராமல் அழத் தொடங்குவாள், அந்த வளர்ப்பு அம்மாவை நினைத்து. அழாதே என்று சொல்லவில்லை. “அவங்க ஞாபகம் வருதா” என்று எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த அம்மா வீட்டிலிருந்து வந்த போர்வையைத் துவைக்கவில்லை, அதன் வாசனை பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது. அப்புறம் ஐசிபிஎஃப் உளவியலாளரிடம் கேட்டுக்கொண்டு அந்த அம்மாவோடு போனில் பேச வைத்தோம். பழசைக் கிளறாதீர்கள் என்று எங்களுக்குச் சொன்னவர்கள் உண்டு, நான் அதை ஏற்கவே மாட்டேன். “இவங்ககிட்ட நீ பாசமா இருந்தா எனக்கு சந்தோஷம்தான்” என்று அந்த அம்மா வாயால் கேட்ட பிறகுதான் பெரியவள் உடம்பிலேயே ஒரு இறுக்கம் தளர்ந்தது. அந்த அம்மாவுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

ஊர் சுற்றிக் காட்டும் ஆசையை அடக்கிவிட்டோம். தினமும் அதே பூங்கா, அதே பேக்கரி, அதே நேரத்துக்குத் தூக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிக்லோவியா. காலை ஏழு முதல் மதியம் இரண்டு மணி வரை நூறு கிலோமீட்டருக்கும் மேலான சாலைகளில் கார்களை நிறுத்திவிடுகிறார்கள், ஊரே சைக்கிளோடு இறங்குகிறது. முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போவது ரொம்ப உதவுகிறது. பெரியவள் என்னிடம் தானாகப் பேசியது முதலில் அங்கேதான்.

நடுவில் காகிதங்கள் தம் வழியில் நடந்தன. நாங்கள் நான்கு பேரும் ஒட்டுகிறோமா என்று பார்த்து ஐசிபிஎஃப் அறிக்கை கொடுத்தது, அதன்பேரில் நீதிமன்றத் தீர்ப்பு, புதிய பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், கடைசியில் அமெரிக்க விசா. விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் காசநோய்ச் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். ஊசியைப் பார்த்து அலறிய சின்னவன் அந்த அறையில் இருந்த மூன்று நான்கு பேரையும் விட்டுவிட்டு என்னைத் தேடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டான். முதல் நாள் காவலரிடம் ஓடியவன் அவன். பெரியவள் அவனை என்னிடம் விட்டுவிட்டு, தன் முறைக்குக் கையை நீட்டினாள், இன்னொரு கை என் கணவர் கையில்.

போகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆரம்பக் கட்டம் முடிந்ததும் பெற்றோரில் ஒருவர் முன்னால் ஊர் திரும்ப அங்கே அனுமதி உண்டு, ஆபீஸ் லீவு காரணமாகப் பலர் அப்படிச் செய்கிறார்கள். எப்படியாவது லீவு வாங்கி இருவருமே கடைசிவரை இருங்கள், திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். ஊருக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம், சொந்தபந்தம், வேலை என்று எல்லாம் ஒரே நாளில் வந்து மொய்த்துவிடும். அந்த வாரங்களில் எங்களுக்கு வேறு வேலையே இல்லை, அவர்களுக்கும் எங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.