ஆபரேஷன் வேண்டாம் என்றால் முதலில் எம்.ஆர்.ஐ. படம் இருக்கிற சி.டி.யை வாங்குங்கள்

முதுகெலும்பின் அடியில் எல்5-எஸ்1 என்கிற இடத்தில் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இடது கால் முழுக்க சயாட்டிகா, அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி. வேலூரில் பார்த்த சர்ஜன் ஆபரேஷன் என்றாரே தவிர அவசரப்படுத்தவில்லை. "கால்ல பலம் குறையல. ஒன்றரை மாசம் பாருங்க, பெரும்பாலும் தானாவே அடங்கும். ஆனா மூத்திரம் போறது தெரியாமப் போனாலோ, உட்காருற இடம் மரத்தாலோ, பாதம் தூக்க முடியாமத் தொங்கினாலோ, நடுராத்திரியானாலும் கிளம்பி வந்துடணும்." சரி, அதுவரை முதுகெலும்பைக் கையாலேயே அழுத்தி, இழுத்துப் பார்க்கிற கைரோபிராக்டிக் வைத்தியம் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

மாமியார் புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்னார். எலும்பு முறிந்தால் நம் பக்கத்து ஜனங்கள் அங்கே போவது வழக்கம்தான். ஜவ்வுக்கு எங்கே கட்டுப் போடுவது? மச்சான் காட்பாடி பக்கம் ஒருவரிடம் அழைத்துப் போனார். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை நீட்டினேன், கையில்கூட வாங்கவில்லை. "குப்புறப் படுங்க, நெட்டி எடுத்தா சரியாயிடும்." சுவரில் பட்டம் எதுவும் காணோம், வீடியோ எடுக்க செல்ஃபோன் ஸ்டாண்டு மட்டும் தயாராக நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மச்சானுக்கு இன்னும் கோபம்.

பெங்களூரில் முறையாகப் படித்த ஒருவர் கிடைத்தார். ஃபோனிலேயே, "எம்.ஆர்.ஐ. படம் பார்க்காம தொட மாட்டேன், ரிப்போர்ட் மட்டும் போதாது" என்றார். அங்கேதான் நம்பிக்கை வந்தது. அலைச்சலும் அங்கேதான் ஆரம்பம்.

ஸ்கேன் சென்டரில் எனக்கு ஃபிலிமே தரவில்லை, படத்தை சி.டி.யில்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பையனை அனுப்பினால், "பேஷண்ட் நேர்ல வரணும், பில்லும் ஆதாரும் வேணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆட்டோ குலுங்கக் குலுங்க நானே போனேன். கவுன்டரில் இருந்தவர் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரிப்போர்ட்தான் குடுத்தாச்சே சார், அப்புறம் எதுக்கு சி.டி.?" என்றார். உட்கார முடியாமல் தூணில் சாய்ந்து நின்று ஒருவழியாக வாங்கி வந்தேன். வீட்டில் லேப்டாப்பில் போட்டால், யாரோ ஒரு அம்மாவின் முழங்கால்! மறுபடியும் ஆட்டோ. இந்தத் தடவை அவர்கள் கம்ப்யூட்டரிலேயே போட்டு, என் பெயரையும் தேதியையும் பார்த்த பிறகுதான் நகர்ந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், முறைத்தால் முறைக்கட்டும்.

பெங்களூர்க்காரர் படத்தைப் பார்த்தார், காலை நீட்டித் தூக்கிப் பார்த்தார், கால் கட்டை விரலை அழுத்திப் பலம் பார்த்தார், கணுக்காலில் சுத்தியலால் தட்டினார். நான் பயந்த 'படக்' சத்தமே இல்லை. குப்புறப் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே மடங்கும் மேசையை மெதுவாக இறக்கி இறக்கி இழுத்தார். சில வாரங்களில் கெண்டைக்கால் வலி தொடைக்கு ஏறி, பிறகு இடுப்போடு நின்றுவிட்டது. வலி காலைவிட்டு மேலே ஏறுவது நல்ல அறிகுறியாம். அவர் கைவண்ணமா, நாள் போனதால் தானாக அடங்கியதா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. சர்ஜன் மறுபடி பார்த்துவிட்டு, இப்போதைக்குக் கத்தி வேண்டாம் என்றார்.

மெடிக்ளைமில் பைசா வரவில்லை. ஆயுஷ் என்று சேர்க்கலாமா என்று கேட்டேன். ஆயுர்வேதம், சித்தா, யுனானி, ஹோமியோபதி எல்லாம் இருக்கிற அந்தப் பட்டியலில் கைரோபிராக்டிக் இல்லை. போகிறவர்கள் ஒரு சிட்டிங்குக்கு எவ்வளவு என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பேக்கேஜ் போட்டு மொத்தமாக முன்பணம் கேட்டால், அந்தந்த நாளுக்கு அன்றன்று கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். நான் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள்.