மாந்தோப்பில் சூடேறி நின்ற புல் வெட்டும் மிஷின்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் தோப்பில் தோத்தாபுரி ரக மாமரம்தான் அதிகம். மாமரத்துக்கு உறிஞ்சும் வேர்கள் மேலாகவே ஓடுவதால் பூ எடுத்த பிறகு உழவு ஓட்ட மாட்டோம், தள்ளிக்கொண்டே போகிற பெட்ரோல் மிஷினில் புல்லை வெட்டி அப்படியே மூடாக்காக விட்டுவிடுவோம். இந்த மாசியில் அந்த மிஷின் படுத்தி எடுத்துவிட்டது. காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். இரண்டு வரிசை மரம் தாண்டும்போது சத்தம் மாறி, இழுவை குறைந்து, சைலன்சர் பக்கம் பெயிண்ட் கருகுகிற வாசனை வந்து, அப்புறம் பொசுக்கென்று நின்றுவிடும். நிழலில் போட்டு ஆறவிட்டால் மறுபடி ஓடும்.

டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் சொன்னேன். மிஷினைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, "பிஸ்டன் ரிங் போயிருக்கும்ணா, இன்ஜினை இறக்கிடலாம்" என்றார். ரிங் போன இன்ஜின் நீலப் புகை விடும், ஆயில் குடிக்கும். இதில் இரண்டுமே இல்லை. சரி, நாமே பார்ப்போம் என்று திரும்பிவிட்டேன்.

ஆயில் குச்சியில் அளவு சரியாக இருந்தது. டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இப்படிக் கொஞ்ச நேரம் ஓடி நிற்கும், அதனால் மூடியைத் தளர்த்தி ஓட்டினேன், மாற்றமில்லை. இக்னிஷன் காயில் சூடானால் கரன்ட் விடுவதை நிறுத்துகிற வழக்கமும் உண்டு, நின்ற உடனே பிளக்கைக் கழற்றி, பெட்ரோலுக்கு எட்டத் தள்ளி, பாடியில் வைத்து இழுத்தால் நீலப் பொறி நன்றாகவே வந்தது. ஆனால் பிளக் முனை வெள்ளை வெளேரென்று இருந்தது. டீ நிறத்தில் இருக்க வேண்டியது. ஒன்று பெட்ரோல் குறைவாகப் போகிறது, இல்லை இன்ஜின் அளவுக்கு மீறிக் காய்கிறது. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் பிசுபிசுப்பு. இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் சும்மா இருக்காது. பெட்ரோல் போகிற சின்னத் துளையான ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்ததும் இன்னொரு வரிசை கூடுதலாக ஓடியது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் மேல் மூடி. இந்த இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது, கயிறு இழுக்கிற மூடிக்கு அடியில் ஃப்ளைவீலில் இருக்கும் இறக்கைகள்தான் ஃபேன். அவை மேலிருந்து காற்றை உறிஞ்சி சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு நடுவே தள்ள வேண்டும். பிளக் வயரை எடுத்துவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பானரில் போல்ட்டுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினால், தகடே தெரியவில்லை. உதிர்ந்த மாம்பூக் காம்பும் புல் தூளும், மாம்பூவில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி விடுகிற தேன் கசிவில் ஒட்டி, வெந்து, வறட்டி தட்டி வைத்த மாதிரி இறுகிக் கிடந்தன. சைலன்சர் பக்கம்தான் ரொம்ப மோசம். வெளி வலை பளிச்சென்று இருந்தது, பொடி எல்லாம் அதைத் தாண்டி உள்ளே போய் அடைந்திருக்கிறது.

மூங்கில் குச்சியால் தகடு தகடாகக் குத்தி எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷில் டீசல் தொட்டுத் தேய்த்து, பஞ்சர் கடையில் காற்று அடித்து வாங்கினேன். தண்ணீர் அடிக்கச் சொன்னார்கள், சூட்டோடு அடித்தால் ஹெட் விரிசல் விடும் என்று விட்டுவிட்டேன். சூட்டில் கெட்டுப்போன ஆயிலையும் மாற்றி, பிளேடையும் சாணை பிடித்தேன், மழுங்கின பிளேடு இன்ஜினுக்கு வெட்டிச் சுமை. பிளேடு கழற்ற மிஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆயில் அதற்குள் இறங்கிவிடும்.

இப்போது டேங்க் தீரும்வரை ஓடுகிறது, பிளக்கும் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து மாமா, "மூடி இல்லாம ஓட்டுப்பா, நல்லா காத்து வாங்கும்" என்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த மூடிதான் காற்றைத் தகடு பக்கம் திருப்புகிறது, அது இல்லாவிட்டால் ஃபேன் காற்று நாலா பக்கமும் சிதறி இன்ஜின் இன்னும் சீக்கிரம் கொதிக்கும்.