மணல் விழுந்த வயல்

2025 நவம்பர் 26
விதைத்து 50 நாள். மூன்றரை மாத நெல், நல்ல கரும்பச்சையாக நிற்கிறது. நேற்றுத்தான் யூரியா எறிந்தேன். இன்று வானொலி தாழமுக்கம் என்கிறது. ஒரு நாள் முன்னால் சொல்லியிருந்தால் பசளையாவது மிஞ்சியிருக்கும்.

நவம்பர் 28
புயலாகிவிட்டது; டித்வா என்று பெயராம். இரவு முழுவதும் அடைமழை. மாடுகளைத் தாழ்வாரத்துக்குள் கட்டினோம்; 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின் குளிரில் விறைத்துச் செத்த மாடுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. விடியுமுன் குளம் நிறைந்து வான் வழியே வழிந்து பாய்ந்தது. வயலோரத்து ஓடையும் கரையை உடைத்தது. “முன்பு மேலே பெய்தால் மறுநாள்தான் ஓடை பெருகும், தம்பி. காடு குடித்த மிச்சம்தான் நமக்கு வரும்” என்றார் பெரியையா. இம்முறை மழையும் வெள்ளமும் சேர்ந்தே வந்தன.

டிசம்பர் 3
வெள்ளம் வடிந்தது. நெல் தண்ணீருக்குப் பயந்த பயிரல்ல. நுனி வெளியே தெரிந்தால் பிழைத்துக்கொள்ளும். கலங்கல் நீரில் முழுதாக மூழ்கினால் வெளிச்சமும் இல்லை, மூச்சும் இல்லை. மேல்வயல் மஞ்சளாகிக் கிடக்கிறது, ஆனாலும் தேறும். கீழ்வயல் இரண்டு ஏக்கரில் பயிரையே காணவில்லை. கணுக்கால் புதையும் மணல். வரம்பைக் காலால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

டிசம்பர் 6
ஓடையைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தேன். பாலையும் வீரையும் அடர்ந்து நின்ற இடத்தில் அடிக்கட்டைகள். சருகு மூடாத தரையை மழை வாரிக்கொண்டு போயிருக்கிறது. ஆள் இறங்கி நிற்கக்கூடிய பள்ளங்கள். மணல் என் வயலில். வண்டல் குளத்துக்குள். வண்டல் அடைத்த அளவுக்கு, குளத்து நீரை நம்பிக் கோடையில் செய்யும் சிறுபோகத்துக்குத் தண்ணீர் குறையும். அந்த நட்டம் வெயில் காலத்தில்தான் தெரியவரும்.

மரம் தறித்தவர்களை வழிநெடுகத் திட்டிக்கொண்டு வீடு வந்தேன். வாசலில் முதிரைக் கதவு. மலிவாகக் கிடைக்கிறதே என்று நான்தான் வாங்கினேன். எந்தக் காட்டு மரம் என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

டிசம்பர் 11
கமநல சேவை நிலையத்தில் அழிவு விபரம் பதிந்தாயிற்று. பிஜி 250 என்ற குறுகிய கால நெல்லை விதைத்தால் 80 நாளில் வெட்டலாம் என்றார்கள். மணலில் தண்ணீர் எங்கே நிற்கப்போகிறது?

பக்கத்து வயல் அக்கா, “மணலை ஏன் அள்ளுகிறாய் தம்பி, மழை விட்டதும் கச்சான் போடு, நிலக்கடலைக்கு மணல் நல்லதுதானே” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பின்னேரம் கடைக்குப் போய் விதைக் கச்சான் விலை விசாரித்தேன்.