பான்முன்ஜொமில் இல்லாத கையெழுத்து

ஜூலை 10, 2025

வாசகசாலைச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். "மாஷே, 27-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கொரியப் போர் நின்ன நாள். நீங்க ஒரு மணி நேரம் பேசணும்." பாலக்காட்டுப் பக்கம் இந்தக் கொழிஞ்சாம்பாறையில் இதைக் கேட்க யார் வருவார்கள் என்றேன். "பிள்ளைக வரும். பூராவும் கொரியன் சீரியல்தானே பாக்குது!"

வாஸ்தவம்தான். பிளஸ் டூ படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் சாயங்காலமே ஒரு கேள்வியோடு வந்தாள். "சார், அங்க ஏன் சார் பெரிய பெரிய ஹீரோவெல்லாம் மிலிட்டரிக்குப் போறாங்க? பி.டி.எஸ். பாட்டுக் குழுவுல ஏழு பேரும் போனாங்க, கடைசி ஆள் போன மாசம்தான் முடிச்சாரு." போர் இன்னும் முடியவில்லை, 1953-இல் நிறுத்தி வைத்ததோடு சரி, சமாதான ஒப்பந்தமே போடவில்லை என்றேன். நம்பாமல் போனைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

ஜூலை 13

எங்கே தொடங்குவது? 1950 ஜூன் 25 என்று தொடங்கினால் வடக்கு தெற்கின் மேல் பாய்ந்ததாக மட்டும் தெரியும். பாய்ந்தது உண்மை. ஸ்டாலினிடம் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் வடகொரியத் தலைவர் கிம் இல் சுங் இறங்கினார். ஆனால் வடக்கையும் தெற்கையும் பிரித்த 38-ஆவது அட்சக்கோடு அங்கே எப்படி வந்தது என்று யாராவது கேட்பார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையப்போகிறது என்று தெரிந்ததும், வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு படத்தை வைத்துக்கொண்டு போட்ட கோடு அது. வடக்கே சோவியத் படை, தெற்கே அமெரிக்கப் படை. கொரியர் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.

நம் ஊர்ப் பக்கமும் ஒரு கோடு இருக்கிறது, கேரளா-தமிழ்நாடு எல்லை. வேலந்தாவளத்தில் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் ஜில்லா. பால்காரர் தினமும் தாண்டிப் போகிறார், வருகிறார். இதை மேடையில் சொல்ல வேண்டாம். பேச்சு ஆளியாறு தண்ணீர்ச் சண்டைக்குப் போய்விடும்.

ஜூலை 17

ஆடி ஒன்று. பக்கத்து மலையாளிகளுக்குக் கர்க்கடக மாதம் பிறந்து ராமாயண வாசிப்பு ஆரம்பித்தாயிற்று. நான் பணிக்கர் எழுதிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

காவாலம் மாதவ பணிக்கர், குட்டநாட்டுக்காரர், அப்போது பீக்கிங்கில் இந்தியத் தூதர். 1950 செப்டம்பரில் அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் தென்கொரியாவின் இஞ்சோனில் படையை இறக்கி, வடகொரியப் படையை விரட்ட ஆரம்பித்திருந்தார். கோட்டோடு நிற்பதா, தாண்டிப் போவதா என்பதுதான் கேள்வி. அக்டோபர் 2 நள்ளிரவில், தூங்கிக்கொண்டிருந்த பணிக்கரை எழுப்பி சீனப் பிரதமர் சூ என்லாய் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். சூ சுற்றி வளைக்கவில்லை. தென்கொரியப் படை தாண்டினால் பெரிதில்லை, அமெரிக்கப் படை தாண்டினால் சீனா இறங்கும் என்றார். பணிக்கர் டில்லிக்குத் தந்தி அடித்தார், அங்கிருந்து செய்தி வாஷிங்டனுக்குப் போனது. அங்கே, இந்த ஆள் சீனாக்காரன் பக்கம் என்று ஒதுக்கிவிட்டார்கள். சில நாட்களில் அமெரிக்கப் படை கோட்டைத் தாண்டியது. அக்டோபர் 19-இல் சீனப் படை எல்லையில் ஓடும் யாலு ஆற்றைக் கடந்தது. பேர் மட்டும் 'மக்கள் தொண்டர்கள்'. நடத்தியவர் பெங் தெஹுவாய்.

அந்தத் தந்தியை மதித்திருந்தால் சண்டை 1950-லேயே ஓய்ந்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. நிரூபிக்க முடியாதுதான். ஆனால் அதற்கப்புறம் இரண்டே முக்கால் வருஷம் சண்டை போட்டு, கடைசியில் ஏறக்குறைய அதே கோட்டுக்குத்தான் வந்து நின்றார்கள்.

ஜூலை 20

சுபேதார் அண்ணன் வந்திருந்தார், ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். "ரங்கராஜ் சாரை விட்டுறாதீங்க" என்றார். எனக்கும் விட மனமில்லை.

இந்தியா துப்பாக்கிப் படை அனுப்பவில்லை. லெஃப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற ராணுவ மருத்துவக் குழுவை அனுப்பியது. ஆற்காட்டுக்காரர். 1950 கடைசியில் பியாங்யாங் போய்ச் சேர்ந்த உடனேயே, சீனப் படை வருகிறது, கிளம்புங்கள் என்று உத்தரவு. மருந்து, கருவிகளையெல்லாம் ஏற்ற வண்டி இல்லை. ஸ்டேஷனில் ஒரு பழைய நீராவி இன்ஜினைக் கண்டுபிடித்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றி கொதிகலனை நிரப்பினார்கள். படையிலேயே இன்ஜின் ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பாலத்தைத் தகர்ப்பதற்குள் ஆற்றைத் தாண்டிவிட்டார்கள். அண்ணன் இதைச் சொல்லும்போது கையில் வாளி இருப்பது போலவே சொல்வார்.

ரஷ்யாக்காரன் ரகசியமாக வந்ததையும் சொல்லச் சொன்னார். மிக்-15 போர் விமானங்கள் பலவற்றை ஓட்டியது சோவியத் விமானிகள்தான். மேலே சீன, கொரிய அடையாளம். ரேடியோவில் கொரிய மொழியில்தான் பேச வேண்டும் என்று உத்தரவு. பின்னால் எதிரி விமானம் வந்துவிட்டால் எந்த உத்தரவு நிற்கும்? ரஷ்ய மொழியில்தான் திட்டினார்கள்.

ஜூலை 22

முன்னாள் கேரள முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் நேற்று காலமானார். மலம்புழையில் இருபது வருஷம் எம்.எல்.ஏ. இன்று லீவு. செயலாளர் கறுப்புக் கொடி கட்டிவிட்டு ஆலப்புழைக்கு பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார். ஒன்றும் எழுத ஓடவில்லை.

ஜூலை 28

நேற்றுக் கூட்டம் நடந்தது. நாற்காலி நிறைந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பிள்ளைகள் வந்தார்கள். பாதியிலேயே செயலாளர் எழுந்து, அமெரிக்காவைப் பற்றி இன்னும் கடுமையாகப் பேசியிருக்கணும் என்றார். முதலில் சுட்டது யார் என்று சுபேதார் அண்ணன் கேட்டார். இரண்டு பேரும் அவரவர் கட்சிக்காகத்தான் பேசினார்கள், கொரியருக்காக இல்லை. அதை அங்கேயே சொல்லிவிட்டேன்.

1953 ஜூலை 27-இல் பான்முன்ஜொம் என்ற எல்லைக் கிராமத்தில் செய்த போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் ஐ.நா. படைக்காக அமெரிக்கத் தளபதி, வடகொரியத் தளபதி, சீனத் தளபதி. தென்கொரியா போடவில்லை. அதன் அதிபர் சிங்மன் ரீக்கு நாடு ஒன்றாகாமல் போரை நிறுத்துவதில் இஷ்டமில்லை. பிளஸ் டூ பெண் கேட்டாள்: "கையெழுத்தே போடலைன்னா அவங்க ஏன் சார் சண்டையை நிறுத்தினாங்க?" 1950 ஜூலையிலேயே ரீ தன் படையின் கட்டளையை மெக்கார்தரிடம் ஒப்படைத்துவிட்டார் என்றேன். நிறுத்து என்று சொல்வதும் சுடு என்று சொல்வதும் அமெரிக்கத் தளபதியின் கையில் இருந்தது. போர்க்காலக் கட்டளை இன்றைக்கும் அமெரிக்கத் தளபதி தலைமையில்தான்.

அவள் விடவில்லை. வடகொரியாக்காரர்கள் ரஷ்யாவுக்காகக் கூர்ஸ்க்கில் போய் உக்ரைன் படையோடு சண்டை போட்டார்களே, அது எந்தக் கணக்கு என்றாள். ஏப்ரலில் வடகொரியாவே ஒப்புக்கொண்ட விஷயம். செயலாளர் வாட்ச்சைப் பார்த்தார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அதையே தலைப்பாக வைப்பதாக நான் அறிவித்துவிட்டேன். யார் தலைமை தாங்குவது என்று இன்று காலையிலிருந்து செயலாளரும் சுபேதார் அண்ணனும் மாறி மாறிப் போன் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.